சிவப்புக் கோட்டுக்குள் ஒரு வீடு

மகள் வசிக்கும் ஊரின் நகராட்சி அனுப்பிய கடிதம் நான்கு பக்கம். மூன்றாம் பக்கம் முழுவதும் ஒரு வரைபடம். ஊரைச் சுற்றி நசுங்கிய முட்டை வடிவில் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோடு போகும் சாலைகளில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணிவரை எந்த வண்டியும் ஓடக்கூடாது என்று அதன் கீழே அச்சிட்டிருந்தார்கள். அவள் அதைப் படமெடுத்து யாங்கூனில் இருக்கும் எனக்கு அனுப்பினாள்.

நான் படத்தைப் பெரிதாக்கி முதலில் அவள் வீட்டைத் தேடினேன். பிறகு ஆஸ்பத்திரியைத் தேடினேன். வீடு கோட்டை ஒட்டி உள்பக்கம் இருந்தது. ஆஸ்பத்திரி வெளியே இருந்தது. அவளுக்கு எட்டு மாதம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அது ஐரோப்பாவில், கடலோரமாக உள்ள ஒரு சிறு மாநிலம். மலை கிடையாது, சிறு மேடுகள்தான். அங்கே பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய மறுவருடம் சைக்கிளில் ஏறிவிடுகிறார்கள் என்று மகள் சொல்வாள். பந்தய நாளில் சாலையோரம் நாற்காலி போட்டு, சூப்புப் பாத்திரத்தையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, மழையானாலும் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். கடந்துபோகும் வீரர்களின் தகப்பன் பெயர்கூடத் தெரிந்திருக்கும். அந்த வருடம் உலகச் சாலைப் பந்தயப் போட்டியே அந்த மாநிலத்துக்கு வந்திருந்தது. கடைசி நாள் ஆண்கள் பந்தயம் அவள் ஊரை எட்டு முறை சுற்றி முடியும். சுற்றுப் பாதை அவள் சன்னலுக்குக் கீழேயே போகிறது.

எங்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய முதல் பிள்ளை இங்கே, யாங்கூனில், ஏழாம் மாதத்தில் போய்விட்டது. ரத்த அழுத்தம் ஏறியதை யாரும் நேரத்தில் கவனிக்கவில்லை. தலைவலிக்கிறது என்று காலையில் சொன்னாள். மழைநீர் தேங்கிய தெருக்களைத் தாண்டி டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். இப்போது இரண்டாவது. அங்குள்ள டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: தலைவலியோடு கண்ணில் மின்னல்போலத் தெரிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும்.

அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் அவள் எனக்குத்தான் அனுப்புவாள். மிங்கலாடோன் விமான நிலையத்தில் அவளையும் மருமகனையும் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து அப்படித்தான். நான் போனில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியில் அதைப் போட்டு, அது தரும் கரடுமுரடான ஆங்கிலத்தைப் படித்து, தமிழில் ஒரு பக்கமாக எழுதி அனுப்புவேன். குப்பை எடுக்கும் நாள், வாடகை ஒப்பந்தம், தண்ணீர்க் குழாய் மாற்றுவது என்று இரண்டு வருடக் கடிதங்கள் என் போனில் இருக்கின்றன. இதையும் அன்று மாலையே ஒரு பக்கமாக எழுதி அனுப்பினேன். பிறகு கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வேற எங்கயாவது போய் இருங்களேன்."

"எங்க வாப்பா போறது? ஊர்ல ஒரு ரூம் கிடையாது. எங்க மேல்மாடிக்காரர் படுக்கையைக்கூட வாடகைக்கு விட்டுட்டு அவர் சோபாவுல படுத்திருக்கார்."

"மாப்பிள்ளை வீட்டுல இருப்பார்ல?"

"இவருக்கு மஞ்சச் சட்டை குடுத்திருக்காங்க. ரவுண்டானாவுல நிக்கணும்."

மருமகன் போனை வாங்கினார். யாங்கூனின் கியிம்யிண்டைங் படகுத்துறையில் வெங்காயம் வியாபாரம் செய்த குடும்பத்துப் பையன். அங்கே காய்கறிகளை உறையவைக்கும் ஆலையில் வேலை. ஆலையில் அவருடைய வரிசையில் நிற்கும் பதினொரு பேரும் பந்தயச் சாலைக் காவலுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள்.

"ஊரே நிக்குது மாமா. நான் மட்டும் வரலன்னா நல்லா இருக்காது."

"உங்களுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது மாமா. கொடி ஆட்டத் தெரியும்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நகரத்தின் நடுவே எங்கள் கியாக்டடா வட்டாரத்தில் பெரிய சாலைகளில் சைக்கிளை விடுவதில்லை. அதைப் பற்றி நானே ஒரு காலத்தில் செய்தி எழுதியிருக்கிறேன். நகரத்தில் வளர்ந்த அவர் வயதுக்காரர்கள் பலருக்கு சைக்கிளில் ஏறி உட்காரவே தெரியாது.

அவர் விவரமாகச் சொன்னார். பந்தயத்துக்கு முன்னால் சிவப்புக் கொடி கட்டிய கார் வரும். அது போனபின் யாரும் சாலையில் கால் வைக்கக்கூடாது. கடைசி வீரருக்குப் பின்னால் பச்சைக் கொடிக் கார் வரும். அது போனால் அடுத்த சுற்று வரும்வரை ஆட்கள் நடந்து கடக்கலாம். எங்கள் காரைச் சனிக்கிழமையே கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறேன். ஏதாவது என்றால் இவள் நடந்து என்னிடம் வருவாள், கடப்போம், காரில் பன்னிரண்டு நிமிடம் என்றார்.

கேட்பதற்கு ஒழுங்காக இருந்தது. ஒழுங்காகச் சொல்லப்படும் திட்டங்களை நான் நம்புவதில்லை.

என் மனைவிக்கு வேறு கவலை. எங்கள் போன் அன்று வேலை செய்யுமா என்பது. மின்சாரம் போனால் வீட்டு இணையம் போகும். நீண்ட நேரம் போனால் செல்போன் கோபுரமும் படுத்துவிடும். முகம் பார்த்துப் பேசும் செயலிகளை இங்கே முடக்கியிருப்பதால், விபிஎன் பிடித்தால்தான் மகளின் முகம் தெரியும். ஆனால் எங்களுக்கு மேல்வீட்டில் பேட்டரியும் மாடியில் டிஷ்ஷும் உண்டு. அந்த வீட்டுக்காரர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கால்பந்துக்காக வாங்கிய விளையாட்டுச் சேனல்கள் வைத்திருந்தார். பந்தயத்தை நேரடியாகக் காட்டுவார்கள் என்று பார்த்துச் சொன்னதும் அவர்தான்.

மனைவி கேட்டாள்: "டிவில நம்ம புள்ள வீடு தெரியுமா?"

அப்படித்தான் கயிறு யோசனை வந்தது. யாங்கூனின் பழைய மாடி வீடுகளில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப் அல்லது பை. ஐந்து மாடி ஏறாமல் மொஹிங்கா நூடுல்ஸ் விற்பவரும் கீரைக்காரியும் அதில் மாட்டிவிடுவார்கள், நாங்கள் இழுத்துக்கொள்வோம். வீட்டில் ஆள் இல்லையென்றால் கயிறு மேலே சுருட்டியிருக்கும். மகள் அந்த ஊருக்குப் போன முதல் மாதமே மூன்றாம் மாடிச் சன்னலில் ஒரு கயிறு கட்டினாள். நுனியில் சிவப்புத் துணிப்பை. கீழே ரொட்டிக்கடை நடத்தும் பெண் ஒருநாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அன்றிலிருந்து காலை ரொட்டியை அதில் போடுகிறாராம்.

"கயிறு தொங்கினா நீ வீட்டுல நல்லா இருக்கன்னு அர்த்தம்," என்றாள் மனைவி. "ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினா மேல இழுத்துப் போட்டுட்டுப் போ."

"உம்மா, ஒருத்தி பிள்ளைவலியில கயித்த இழுத்துக்கிட்டு நிப்பாளா?"

"உனக்கு வலி வரலியே இன்னும். இழுத்துப் போடுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

சனிக்கிழமை பெண்கள் பந்தயம் அதே பாதையில் நடந்தது. மேல்வீட்டில் உட்கார்ந்து பழகிக்கொண்டேன். முன்னால் போகும் மோட்டார் சைக்கிள் கேமராவில் முதலில் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை விளக்கு வரும். அதற்கடுத்து மஞ்சள் சுவர். அதைத் தாண்டினால் சாம்பல் கட்டடம், மூன்றாவது மாடி, இடமிருந்து இரண்டாவது சன்னல். ஒரு நொடிதான். பத்திரிகைப் படங்களில் முக்கிய ஆளைப் பார்க்குமுன் ஓரத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். இரண்டாவது சுற்றில் சிவப்புப் பை தெரிந்தது.

"அது யாரோட கொடியோ," என்றாள் மனைவி.

"கொடி காத்துல ஆடும். இது தொங்குது."

மேல்வீட்டுக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவர் பர்மியர், எங்களோடு பர்மிய மொழியில்தான் பேசுவார். என்னைச் சயா என்பார். படித்து எழுதுகிறவர்களை இங்கே அப்படி அழைப்பது. நான் அவரைக் கோஜீ, அதாவது அண்ணன், என்பேன்.

"சயா, சைக்கிள் பந்தயத்தில் சன்னலைப் பார்க்கும் ரசிகரை இப்போதுதான் பார்க்கிறேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு மின்வெட்டு மத்தியானம் ஒன்றிலிருந்து ஐந்துவரை. அவர்கள் நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் நான்கரை மணி வித்தியாசம். பந்தயம் ஊருக்குள் நுழையும்போது எங்களுக்கு நாலரை; முடியும்போது எட்டு. பன்னிரண்டே முக்காலுக்கு மகளிடம் பேசினேன். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, தலைவலி இல்லை, காலையில் அழுத்தம் பார்த்தேன், நேற்றுப் போலத்தான் என்றாள். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. பந்தயம் வர இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. ஒரு மணிக்கு மின்சாரம் போனது. எங்கள் போனில் கடைசியாக இருந்த ஒரு கோட்டு இணையமும் மூன்று மணிக்குப் போனது.

மேல்வீட்டுக்காரர் தன் அணியின் ஆட்டத்தை எங்களுக்காக விட்டுக்கொடுத்தார். "தோற்பதைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு சாக்கு," என்றார். பேட்டரியை மிச்சம் பிடிக்க மின்விசிறியை நிறுத்தினார். மழை விட்டு வெக்கை இறங்கியிருந்த நேரம். மூன்று பேரும் வேர்வையோடு டிவி முன்னால் உட்கார்ந்தோம்.

முதல் சுற்றில் கயிறு இருந்தது. சிவப்புப் பை சன்னலுக்குக் கீழே, ஒரு ஆள் உயரத்தில். மனைவி மூச்சு விட்டாள். இரண்டாவது சுற்றில் பச்சைச் சிலுவை வரும் நேரத்தில் வேறெங்கோ விழுந்த ஒருவரைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மூன்றாவதில் இருந்தது. அதன்பின் வரும் ரவுண்டானாவில் மஞ்சள் சட்டையோடு கொடியை நீட்டிக்கொண்டு ஒல்லியான ஒருவர் நின்றார். மனைவி கைகாட்டினாள். "மாப்பிள்ளைதான் அது. நிக்கிறதப் பாருங்க, படகுக்கு நிக்கிற மாதிரி."

நான்காவது சுற்று எங்கள் நேரம் ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தது. பச்சைச் சிலுவை, மஞ்சள் சுவர், சாம்பல் கட்டடம். சன்னல் மூடியிருந்தது. கயிறு இல்லை.

நான் தவறான சன்னலைப் பார்த்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். மனைவி எழுந்து போனாள். மஃரிபு நேரம். பக்கத்து அறையில் அவள் தொழும் ஓசை கேட்டது. நான் போனை எடுத்து நேரடி வெளிநாட்டு அழைப்பு போட்டேன். மூன்று முறையும் ஒரே பெண் குரல், தொடர்பு கிடைக்கவில்லை என்று பர்மிய மொழியில் சொன்னது.

ஐந்தாவது சுற்று. சன்னல் மூடித்தான் இருந்தது. ரவுண்டானாவில் மஞ்சள் சட்டையோடு ஒரு பெண் நின்றார்.

"போயிட்டாங்க," என்றாள் மனைவி வாசலில் நின்றபடி.

போய்விட்டார்கள் என்பது தெரிந்தது. கடந்தார்களா என்பது தெரியவில்லை. நான் பந்தயத்தை அப்போதுதான் பார்க்கத் தொடங்கினேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை அது எனக்கு ஒரு சன்னலைச் சுமந்துவரும் வண்டி. ஒரு சுற்றுக்கு இருபத்தாறு நிமிடம். எல்லா வீரர்களும் ஒரே கூட்டமாகப் போனால், கார்கள் உட்பட நாலைந்து நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். மீதி இருபது நிமிடம் சாலை திறந்திருக்கும். ஆனால் முன்னால் மூன்று பேர் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் களைத்தவர்கள் சிறு சிறு கூட்டங்களாக அறுந்து விழுந்துகொண்டிருந்தார்கள். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே ஆறு நிமிடம், பிறகு ஒன்பது, பிறகு பதின்மூன்று. திறந்திருக்கும் நேரம் அவ்வளவு குறைந்தது. சேனல்காரர்கள் அந்த இடைவெளி வளர வளர உற்சாகமாகக் கத்தினார்கள். சாலையோரக் கூட்டம் கை தட்டியது. நான் ஒரு தாளில் நிமிடங்களை எழுதிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

"முன்னால் போகிறவர்கள் யார் சயா? நல்ல ஓட்டக்காரர்களா?" என்று கேட்டார் மேல்வீட்டுக்காரர்.

"பிடிபட்டால் நல்லது."

அவர் என் தாளைப் பார்த்தார். சிறிது நேரம் கழித்துப் புரிந்துகொண்டார். அதன்பின் அவரும் பின்னால் துரத்தும் கூட்டத்துக்கு ஆதரவாகத் தொடையில் தட்டினார்.

ஆறாவது சுற்றின்போது ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காகக் கடிதத்தைப் போனில் திறந்தேன். கடக்கும் இடங்கள் எத்தனை என்று வரைபடத்தில் எண்ண நினைத்தேன். முன்பு மொழிபெயர்த்து வைத்திருந்த ஆங்கிலம் நான்கு பக்கமும் போனிலேயே இருந்தது. கடக்கும் இடங்கள் ஐந்து. பிறகு விரல் தானாகக் கீழே நகர்ந்தது. நான்காம் பக்கத்தின் கடைசிப் பத்தி: கோட்டுக்கு உள்ளே வசிக்கும் கர்ப்பிணிகள், ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்கள், ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் புதன்கிழமைக்குள் கீழ்க்கண்ட எண்ணில் பெயரைப் பதிய வேண்டும். பதிந்தவர்களின் பட்டியல் எல்லாச் சாலைக் காவலர்களிடமும் இருக்கும். தேவைப்பட்டால் பந்தய மருத்துவக் கார் வந்து ஏற்றிச் செல்லும்.

நான் இதை அவளுக்கு எழுதி அனுப்பவில்லை.

ஏன் என்று எனக்கு உடனே தெரிந்தது. இருபத்தாறு வருடம் நாளிதழில் உதவியாசிரியராக இருந்தவன் நான். செய்தியில் முக்கியமானது மேலே இருக்க வேண்டும், இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டு என்று பழகியவன். நிருபர் எழுதிவந்ததில் கடைசிப் பத்தியைப் படிக்காமலே அடித்த நாட்கள் உண்டு. அங்கே பெரும்பாலும் நன்றி தெரிவித்தலும் விழாத் தலைவரின் பெயரும்தான் இருக்கும். நகராட்சிக்கு அந்தப் பழக்கம் இல்லை. சாலை மூடுவதையும், கொடி அலங்காரத்தையும், குப்பைத் தொட்டிகளையும் சொல்லிவிட்டு, உயிர் விஷயத்தைக் கடைசியில் வைத்திருந்தார்கள்.

மனைவியிடம் சொல்லவில்லை. அந்த எண்ணை ஒரு செய்தியாக மகளுக்கு அடித்தேன்: இந்த எண்ணைக் கூப்பிடு, மருத்துவக் கார் வரும். அனுப்பினேன். போகவில்லை. சிறிய கடிகாரக் குறி சுற்றிக்கொண்டே இருந்தது. பால்கனிக்குப் போய் போனோடு கையை நீட்டிப் பார்த்தேன். தெருவில் சில ஜெனரேட்டர்கள் உறுமின. எதிர்வரிசைப் பால்கனிகளில் மெழுகுவத்திகள்.

"பேட்டரி இன்னும் அரை மணிதான் தாங்கும்," என்றார் மேல்வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, மன்னிப்புக் கேட்கும் குரலில்.

ஐந்து மணிக்கு வரவேண்டிய மின்சாரம் ஏழு இருபதுக்கு வந்தது. "மீ லாபி" என்று தெரு முழுக்கக் குரல் எழுந்தது. மின்சாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இணையம் உடனே வருவதில்லை. பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாக வேண்டும். நான் எங்கள் வீட்டுக்கு இறங்கிப்போய் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஏழு ஐம்பதுக்கு என் செய்தி போய்ச் சேர்ந்ததற்கான இரண்டு கோடு விழுந்தது. அழைத்தேன், மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மருமகனின் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மேலே டிவியில் பந்தயம் முடிந்துகொண்டிருந்தது. யார் வென்றார் என்பதை மறுநாள் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பிரிந்து ஓடிய மூவரில் ஒருவர், அந்த மாநிலத்துக்காரர்.

எட்டு இருபத்தைந்துக்கு மகளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மருமகன்.

"மாமா, பொம்பளப் புள்ள. ஆப்பரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. சின்னதா இருக்கு, கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க."

"அவளுக்கு?"

"அழுத்தம் இன்னும் இறங்கல. மருந்து ஏத்துறாங்க. பேசுறா. ரெண்டு நாள் பாக்கணும்னு சொல்றாங்க."

மனைவி போனைப் பறித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவில் விவரமும் கேட்டாள். அவர் ஒலிபெருக்கியில் சொன்னார். மூன்றாவது சுற்று போனவுடன் கண்ணில் மின்னியிருக்கிறது. கயிற்றை இழுத்துப் போட்டுவிட்டு மருத்துவக் கோப்போடு இறங்கியிருக்கிறாள். மருந்துக்கடை முன்னால் நின்ற காவலர், ஓய்வு பெற்ற தபால்காரர், பட்டியலில் பெயரைப் பார்த்து ரேடியோவில் சொல்லியிருக்கிறார். முன்னால் ஓடியவர்களுக்கும் பின்கூட்டத்துக்கும் நடுவில் ஒரு மருத்துவக் கார் வந்து நின்றது. போகும் வழியில் ரவுண்டானாவில் அவரையும் ஏற்றிக்கொண்டது.

"ஜனங்க கை தட்டுனாங்க மாமி. ஏதோ வீரருக்கு அடிபட்டுருச்சுன்னு நெனச்சுட்டாங்க."

மனைவி சிரித்தாள், அழுதுகொண்டே. எனக்கு ஒரு சொல் மட்டும் காதில் நின்றது. பட்டியல்.

அடுத்த இரண்டு நாளும் நாங்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. காலையும் மாலையும் இரண்டு எண்கள் வரும், அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும். மின்சாரம் இருக்கும் நேரத்தைப் பார்த்து மருமகன் அனுப்புவார். முதல் நாள் மாலை எண் காலையைவிட ஏறியிருந்தது. டாக்டர் வேறு மருந்து கொடுத்தாரா என்று கேட்டு எழுதச் சொன்னாள் மனைவி, எழுதினேன், பதில் ஆறு மணி நேரம் கழித்து வந்தது. குழந்தை இரண்டு கிலோவுக்குக் கீழே. மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். மேல்வீட்டுக்காரர் இரண்டு முறை இறங்கிவந்து வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போனார். நான் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது மாறவில்லை.

மூன்றாம் நாள் காலை எண்கள் இறங்கின. மத்தியானம் மகளே கூப்பிட்டாள். குரல் வறண்டிருந்தது. மனைவி பேசி முடித்ததும் நான் போனை வாங்கி அறைக்குள் போனேன்.

"உன் பேரைப் பட்டியல்ல யார் பதிஞ்சது?"

"நான்தான். கடிதம் வந்த மறுநாளே."

"அந்தப் பத்திய நான் உனக்கு எழுதி அனுப்பல. விட்டுட்டேன். பந்தயத்தன்னைக்குத்தான் பார்த்தேன்."

"தெரியும் வாப்பா."

"என்ன தெரியும்?"

"கடைசிப் பக்கத்த நீங்க எப்பவும் வெட்டிருவீங்க." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "வந்த புதுசுல குப்பைக் கடிதம் ஒண்ணு அனுப்புனேன்ல. குப்பை எடுக்குற நாள் மாறுதுன்னு கடைசி வரியில போட்டுருந்தான். மூணு வாரம் எங்க வீட்டு வாசல்ல மூட்டை கிடந்துச்சு. ரொட்டிக்கடைக்காரம்மாதான் வந்து சொன்னாங்க. அதுல இருந்து கடைசிப் பக்கத்த மட்டும் நானே அகராதி வச்சுப் படிச்சுருவேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா முழுசா அனுப்புவீங்க. நாலு பக்கம் யாரு படிக்கிறது? முதல் மூணு பக்கம் நீங்க எழுதுறதுதான் எனக்கு லேசா இருக்கு."

ஞாயிறன்று மாலையில் நான் கழித்த நிமிடங்களும், அனுப்ப முயன்ற எண்ணும், அந்த நேரத்தில் அவள் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருந்ததும் வரிசையாக நினைவில் வந்தன. நான் அந்தப் பத்தியைக் கண்டுபிடித்தபோது அவளை அறுவைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படிக்காமல் விட்டிருந்தால் என்ற எண்ணம் போகவில்லை. இன்றும் முழுதாகப் போனதாகச் சொல்ல முடியாது.

அவள் இருந்த அறையில் ஏதோ ஒரு கருவி சீரான இடைவெளியில் ஒலித்துக்கொண்டிருந்தது. அது உன்னுடையதா என்று கேட்டேன்.

"புள்ளையோடது. என்னைத் தள்ளுவண்டியில இங்க கூட்டிட்டு வந்துருக்காங்க. வேகமா அடிச்சா நர்ஸ் வருவாங்க. இப்படி அடிச்சா ஒண்ணும் இல்லையாம்."

"இப்ப சரியா அடிக்குதா?"

"நீங்களே கேளுங்க," என்று போனை அதன் பக்கம் நீட்டினாள்.

நான் கேட்டேன். மனைவி வந்து என் தோளருகே காதை வைத்தாள். ஒரு முறை இடைவெளி கொஞ்சம் நீண்டதுபோல் இருந்தது. இருவரும் அசையாமல் நின்றோம். பிறகு மறுபடி ஒலித்தது.